ஜேம்ஸ் கொட்டனின் 1986 லைவ் அல்பத்தோடு சேர்ந்து வாசிக்க எந்த கீ மவுத் ஓர்கன்?

கல்லடி_ரீட்:
புளூஸ் மவுத் ஓர்கன்காரர் கொட்டனின் 1986 சிகாகோ லைவ் அல்பத்தைப் போட்டுக்கொண்டு கூடவே வாசிக்கப் பார்க்கிறன். கையில் இருப்பது சி கீ (ஆதார சுரம் சி), 10 ஓட்டை டயட்டோனிக் (ஒரு கீயின் ஏழு சுரத்துக்கு மட்டும் கட்டினது). பாதிப் பாட்டுக்கு ஒண்டுமே ஒட்டுதில்ல. ஒட்டுற பாட்டிலும் அந்த அழுகை வரல்ல. 2ம் ஓட்டையை உறிஞ்சினா சத்தம் அமுங்கிப் போகுது, ரீட் (உள்ளுக்குள்ள அதிருற தகடு) பழுதா? மறுகா, மேடையில் மைக் எப்படிப் பிடிக்கிறது?

அக்கரைப்பற்று_நானா:
தம்பி, புளூஸில் பாட்டின் கீயும் ஓர்கனில் அடிச்சிருக்கிற கீயும் பெரும்பாலும் ஒண்டில்ல. சி ஓர்கனில் ஜி பாட்டு வாசிக்கிறதுதான் வழக்கம், இதுதான் 2ம் பொசிஷன். கர்நாடக இசை தெரிஞ்சவருக்குச் சொன்னா இது கிரகபேதம்: சங்கராபரணத்தின் பஞ்சமத்தை சட்ஜமாக்கினா ஹரிகாம்போதி, கைசிகி நிஷாதம் தானா வந்து சேருது. ஜி பாட்டில் அந்த நிஷாதம் 5ம் ஓட்டை உறிஞ்சல். 3ம் ஓட்டை உறிஞ்சலை அரைச்சுரம் கீழ வளைச்சா (வாய்க்குள்ள நாக்கை மாத்தி சுரத்தை இறக்கினா) பி பிளாட், 4ஐ வளைச்சா டி பிளாட். நீங்க கேட்கிற அழுகை இந்த இரண்டிலயும்தான் இருக்கு. ஊதிற பக்கம் 1 முதல் 6 வரை இப்படி வளையாது.

பாட்டின் கீயைப் பிடிக்க லைவ் அல்பம்தான் லேசு. முடிவில எல்லாரும் இழுத்து நிற்கிற கோர்ட்டின் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டின்) அடிச்சுரத்தை போன் கீபோட்டில் தேடுங்க. அதையும் சேர்த்து எண்ணி (ஜிக்குப் பிறகு திரும்ப ஏ) வாற நாலாவது எழுத்து உங்கட ஓர்கன்: இ பாட்டுக்கு ஏ, ஏ பாட்டுக்கு டி, ஜி பாட்டுக்கு சி. எஃப் பாட்டுக்கு மட்டும் பி பிளாட் எண்டு நினைவில வைங்க. அடுத்ததா ஏ வாங்குங்க, மறுகா டி. மைனர் பாட்டெண்டா கணக்கு வேற, சி ஓர்கனில் டி மைனர் வரும்.

புன்னைச்சோலை_72:
2ம் ஓட்டை 100க்கு 90 பேருக்கு அப்படித்தான், ரீட்டில் பிழையில்ல. 3ஐ ஊதிப் பாருங்க, 2ஐ உறிஞ்சிப் பாருங்க. இரண்டும் ஒரே ஜிதான். 2 இறங்கிக் கேட்டா, தெரியாமலே வளைக்கிறீங்க எண்டு அர்த்தம். கன்னத்தால் உறிஞ்சிறதை விட்டுட்டு, தாடையை இறக்கி நாக்கைத் தட்டையா வைச்சு வயித்தால் மூச்செடுங்க. மூக்கால் காத்துப் போனாலும் சத்தம் மெலியும். இவ்வளவுக்குப் பிறகும் வரல்லயெண்டா, பக்கத்து ஓட்டை இரண்டையும் விரலால் பொத்தி மெதுவா உறிஞ்சுங்க. அப்பவும் ஊமையா இருந்தாத்தான் கீழ்ப்பக்க மூடித் தகட்டைக் கழட்டி ரீட்டுக்குள்ள நூல், மயிர் மாட்டியிருக்கா எண்டு பார்க்கிறது. மெல்லிய தாளால் எடுக்கணும், ஊசி போடாதீங்க.

களுவாஞ்சி_சவுண்ட்:
மைக்குக்கு எஸ்எம்58 (ஷுவர் கம்பனியின் சாதாரண பாட்டு மைக்) போதும். மைக் தலையையும் ஓர்கனையும் இரண்டு கைக்குள்ளயும் காத்து கசியாமப் பொத்தினா கூர்ச்சத்தம் அடங்கி நடுச்சத்தம் தடிக்கும். ஆனா பொத்தினதும் மைக்கின் பின்வழி அடைபட்டு அது நாலா பக்கமும் கேட்கத் தொடங்கும், காலடி மொனிட்டர் (வாசிக்கிறவருக்குத் தன் சத்தம் கேட்க வைக்கிற ஸ்பீக்கர்) உடன கூவும். அந்த சனலை மொனிட்டரில் குறைக்கச் சொல்லுங்க. கெயினை (மிக்சரில் மைக் சத்தத்தை ஏத்திற அளவை), பொத்திக்கொண்டு ஆக உரத்து வாசிச்சுத்தான் வைக்கணும், "செக் செக்" சொல்லி இல்ல. பிறகும் கூவினா 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸுக்குள்ள தேடி வெட்டுங்க. எங்கட பக்கம் பாட்டுக்காரருக்குப் போடுற எக்கோ ஓர்கனிலும் விழும், அதை முதல்ல நிப்பாட்டுங்க.

புளூஸ் ஓர்கன்காரர் தேடுற பழைய அஸ்டாட்டிக் ஜேடி-30 மைக்குக்கு ஆசைப்படாதீங்க. உள்ள இருக்கிற கிறிஸ்டல் ஈரத்திலயும் சூட்டிலயும் கெடும். கல்லடியில் இரண்டுக்கும் குறைவில்ல. சாதாரண மிக்சரில் நேர குத்தினா சத்தமும் சோகையா வரும், டிரான்ஸ்ஃபோமர் வேணும்.

கல்லடி_ரீட்:
நன்றி நானா, அண்ணன்மார். 3 ஊதலும் 2 உறிஞ்சலும் ஒப்பிட்டன், 2 நல்லா இறங்குது. ஏ கீக்கு ஹோனர் கம்பனியின் மரைன் பாண்ட் மொடலா, ஸ்பெஷல் 20 மொடலா?

புன்னைச்சோலை_72:
ஸ்பெஷல் 20. நடுக்கட்டை பிளாஸ்டிக், ஊறாது. சாதாரண மரைன் பாண்டின் மரம் எச்சில் பட்டு ஊதிப்போய் உதட்டைக் கீறும், தகடு ஆணியில் இருக்கிறதால் கழட்டிச் சுத்தம் செய்யிறதும் கரைச்சல். ரீட் பித்தளை, துருப்பிடிக்காது, ஆனா கடற்காத்துக்குப் பச்சை பூக்கும். வாசிச்சு முடிய ஓட்டைப்பக்கம் கீழ இருக்க உள்ளங்கையில் நாலஞ்சு தரம் தட்டி, காத்தாட விட்டுட்டுப் பெட்டியில் வைங்க. ஈரத்தோட மூடாதீங்க.