ஸ்லைடில் கிருமி இல்லை, ஆனால் சிறுநீர் கடுங்காப்பி நிறம்

காட்பாடியில் இருக்கிறோம். எங்கள் மணிக்கு நாலு வயது, நாட்டு நாய். ஒரு வாரமாகக் காய்ச்சல். தயிர்சோறு என்றால் தட்டையே நக்குபவன், இப்போது முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. காதுமடலில் பதினோரு உண்ணி பிடுங்கினேன். காலில் ரத்தம் எடுத்து ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ‘கிருமி இல்லை’ என்றார்கள். இதை நம்பி இருந்துவிடலாமா?

குடியாத்தத்திலிருந்து:
வேண்டாம் அண்ணா. சிறுநீருக்கு அந்தக் கடுங்காப்பி நிறம் சிவப்பணு உடைவதாலும் வரும். இன்றைக்கே தூக்கிக்கொண்டு போய் பி.சி.வி.யும் (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு) தட்டணுவும் (ரத்தம் உறைய உதவும் அணு) பாருங்கள். காது நுனியில் குத்தி ஸ்லைடு போடச் சொல்லுங்கள். பபீசியா என்று உண்ணி பரப்பும் கிருமி ஒன்று, சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். அது புகுந்த அணுக்கள் நுண்குழாய்களில்தான் அதிகம் தங்கும். எங்கள் நாய் ராணிக்குக் காலில் அகப்படாதது காதில்தான் அகப்பட்டது.

ஆரணியிலிருந்து, ஆய்வகத்தில் வேலை பார்த்தவன்:
தம்பி, உண்ணி பரப்பும் இன்னொரு கிருமி எர்லிக்கியா. அது வெள்ளையணுவுக்குள் இருக்கும். ஸ்லைடில் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். உடனடிச் சோதனை கிட் காட்டுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி). எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் கோடு விழும். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தால் எந்தக் கிருமி என்று பிரித்துச் சொல்லும். அதற்கு மருந்து தொடங்குமுன் ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்ட குழாயில் ரத்தம் எடுத்துவிட வேண்டும். எர்லிக்கியா டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கேட்கும், பபீசியாவுக்கு அது மட்டும் போதாது. பபீசியாவில் ஒரு வகையான பபீசியா கிப்சோனி நமக்குப் புதிதல்ல, 1910இலேயே சென்னை வேட்டைநாய்களில் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

காட்பாடி:
அண்ணா, காது ரத்தத்தில் பபீசியா இருக்கிறதாம். பி.சி.வி. 16 சதவீதம்தான். ரத்தம் ஏற்ற வேண்டுமாம், பக்கத்துத் தெரு லாப்ரடாரைக் கேட்டிருக்கிறோம். பி.சி.ஆருக்கும் எடுத்தாயிற்று. மணி என் மடியில்தான் படுத்திருக்கிறான்.