புதுப்பிப்பு: பெண்கள் சொத்துரிமை கூட்டத்துக்கு ஆள் வர வைக்க எது உதவுச்சு

பொண்ணுங்க சொத்துரிமை பத்தி ஊர்ல கூட்டம் போட்டா யாரும் வர்றதில்லன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நோட்டீஸ் எடுபடல. வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு (தாலுகா அளவுல இலவச சட்ட உதவி தர்ற அமைப்பு) மனு குடுத்து, மகளிர் குழு கூடுற அன்னைக்கே வக்கீல வரச் சொல்லுங்கன்னு ஒருத்தர் சொன்னதுதான் ஒர்க் அவுட் ஆச்சு, செலவே இல்ல.

தமிழ்நாடு அரசோட பழைய சட்டப்படி 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு பூர்வீக சொத்துல பங்கு இல்லன்னுதான் எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க, இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005ல வந்த மத்திய திருத்தத்துல அந்தத் தடை கிடையாது, அந்தத் திருத்தம் வந்தப்ப அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு கூட இல்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சுன்னு வக்கீல் சொன்னதும் ஒரு பாட்டி எந்திரிச்சு "அப்ப எனக்கும் உண்டா சார்?"னு கேட்டாங்க. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பத்திரம் பதிவு பண்ணியோ கோர்ட் தீர்ப்பு மூலமாவோ பாகம் பிரிச்சிருந்தா, இல்ல சொத்த வித்திருந்தா, அத கிளற முடியாது.

எதிர்பார்க்காதது, அண்ணன் தம்பிங்களும் வாசல்ல நின்னு கடைசி வரை கேட்டாங்க. பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, அதுக்கான சட்ட உதவி போன் நம்பர் 15100.