மாரி இரவுகளில் ஒரே சட்டியில் என்ன சமைக்கிறீர்கள்?

திருநெல்வேலி அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகை பிறந்ததிலிருந்து யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் வடியவில்லை. வேலை முடிந்து நான் வீடு வந்து சேர ஆறரை மணியாகிறது. நனைந்த உடுப்பை மாற்றி, பிள்ளைகள் இருவரின் சப்பாத்துகளையும் அடுப்படியில் காயவைத்துவிட்டு நிமிரும்போது மின்சாரமும் போய்விடுகிறது. கடல் கொந்தளிப்பதால் வள்ளங்கள் இறங்குவதில்லை. சந்தையில் மீனைக் காண்பதே அரிதாகிவிட்டது. இரண்டு கிழமைகளாகப் பாணும் பருப்பும்தான். நேற்று மூத்தவன், "அம்மா, இன்றைக்கும் பாணா?" என்று மெதுவாகத்தான் கேட்டான்; ஆனாலும் எனக்கு மனம் சுருங்கிப் போயிற்று. கிரைண்டர் தேவைப்படாத, ஒரே சட்டியில் முடியக்கூடிய, குளிருக்கு இதமாகச் சூடாகச் சாப்பிடக்கூடிய இரவுச் சாப்பாடு எதையாவது சொல்லுங்கள். மாமியாருக்கு உறைப்பு ஆகாது என்பதையும் கருத்திற்கொள்ளுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

தங்கைச்சி, இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே விடைதான்: பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ். கூழ் என்றதும் நண்டும் இறாலும் மீன்தலையும் போட்டு, வளவுக்குள் பெரிய பானை வைத்து, இருபது பேர் சுற்றியிருந்து பனையோலைப் பிளாவில் குடிப்பதையே பலரும் நினைக்கிறார்கள். அது விடுமுறை நாளின் கூழ். வேலை நாளின் கூழுக்கு மீன் கட்டாயமில்லை. ஒரு பிடி அரிசியையும், மணலில் புதைத்து வைத்த பலாக்கொட்டை இருந்தால் அதையும், மரவள்ளிக்கிழங்குத் துண்டுகளையும், பயற்றங்காயையும் அவியவிட்டு, பழப்புளியையும் ஒடியல் மாவையும் கரைத்து ஊற்றி, தடிக்கும்வரை துழாவி, ஒரு கைப்பிடி முருங்கையிலையைத் தூவி இறக்குங்கள். நெத்தலிக் கருவாடு இருந்தால் தலையைக் கிள்ளிவிட்டுத் தொடக்கத்திலேயே போடலாம். நான்கு பேருக்கு ஒரு தேநீர்க் கோப்பை மா போதும். மாமியாருக்கு முதலில் வார்த்து வைத்துவிட்டு, இடித்த செத்தல் மிளகாயை மற்றவர்களின் பங்கில் கலந்தால் அவருடைய பிரச்சினையும் தீரும். மரவள்ளி சேர்த்த அன்று இஞ்சித் தேநீர் வேண்டாம் என்று எங்கள் அம்மா கண்டிப்பாகச் சொல்வார். நானும் இன்றுவரை அதை மீறியதில்லை.

கொக்குவில் ரீச்சர் எழுதியது:

வடமராட்சித் தம்பி சொல்வது சுவைக்குச் சரி; ஆனால் ஆறரை மணிக்கு ஈரத்தோடு வந்து நிற்கும் ஒருவரைப் பலாக்கொட்டை உரிக்கச் சொல்வது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. நான் இளைப்பாறிய ஆசிரியை. வேலைக்குப் போன காலத்தில் மாரி முழுவதும் என்னைக் காப்பாற்றியது கஞ்சிதான்.

காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும்போது சிவப்புப் பச்சையரிசி ஒரு சுண்டையும் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள். மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. பகல் முழுவதும் ஊறிய அரிசி மாலையில் விரைவாக மசிந்துவிடும். ஏழெட்டுப் பல் உள்ளியை முழுதாகவே போட்டு அவித்து, அரிசி குழைந்ததும் தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டு ஒரு கொதியோடு இறக்குங்கள். பாலுக்குக் கிரைண்டர் எதற்கு? தேங்காய்ப்பூவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையால் பிழிந்தால் போதும். தொட்டுக்கொள்ள, கோடையில் போட்டு வைத்த வேப்பம்பூ வடகத்தைப் பொரியுங்கள். எண்ணெயில் விழுந்ததும் அது கருமையாகிப் பொருமும். அந்தக் கசப்பும் மொறுமொறுப்பும் பால்கஞ்சியின் இனிமைக்கு எப்படித்தான் இவ்வளவு பொருந்துகின்றனவோ! பிள்ளைகள் வடகத்தை மறுத்தால் மோர்மிளகாயை நீட்டாதீர்கள், அழுதுவிடுவார்கள்; பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கொடுங்கள்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது எங்கள் அடுப்படிக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடியிருந்த காலம் அது. மண்ணெண்ணெயைக்கூட அளந்துதான் எரிக்க வேண்டும். மேசைக்கு மேலே அடுப்பை ஏற்றி வைத்து, கதிரையில் ஏறி நின்று மூன்று நாட்கள் நான் காய்ச்சியது இந்தக் கஞ்சியைத்தான்.

பாணை முற்றாக விடவும் தேவையில்லை. பருப்புக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலில் சொதி வையுங்கள். தேசிக்காய்ப் புளியை மட்டும் சட்டியை இறக்கிய பிறகு விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும். புட்டு அவிப்பதாயின் பனையோலை நீத்துப்பெட்டியைக் கழுவி அடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள், மாரியில் ஒரே இரவில் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது.

ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதியது:

ரீச்சரின் வடகப் பேச்சைப் படித்துவிட்டு இங்கே நான் பெருமூச்சு விடுகிறேன். எங்களுக்குக் குளிர் என்றால் பனியும் உறைநிலைக்குக் கீழே இறங்கும் வெப்பநிலையும். ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் ஒடியல் மாவும் உறையவைத்த முருங்கையிலையும் கிடைப்பதால் சனிக்கிழமைகளில் கூழ் காய்ச்சுகிறோம். வார நாட்களில் ரின்மீன் சொதிதான்: வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம் போட்டு ரின்பாலில் கொதிக்கவைத்து, மீனை உடையாமல் இறக்கி, கடையில் வாங்கிய காய்ந்த இடியப்பத்தை நனைத்து அவித்து அதன்மேல் ஊற்றுவேன். இருபது நிமிடத்திற்கு மேல் எடுக்காது. ஊரிலும் ரின்மீன் இருக்கிறதே, மீன் வராத நாட்களில் முயன்று பாருங்கள்.

திருநெல்வேலி அம்மா மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை கஞ்சி காய்ச்சினேன். மாமியார் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார். சின்னவள் கஞ்சியை விட்டுவிட்டுப் பனங்கட்டியை மட்டும் தின்றாள். சனிக்கிழமை மழை விட்டிருந்ததால் துணிந்து கூழில் இறங்கினேன். பார்வைக்கு நன்றாகத்தான் வந்தது, ஆனால் நாக்கில் வைக்க முடியாத கசப்பு. மூத்தவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் பாண் எடுத்து வந்தான். மாவைக் கரைத்து உடனே ஊற்றினேன், அதிலேதான் பிழையா?

வடமராட்சியான் எழுதியது:

மன்னிக்க வேண்டும் தங்கைச்சி, பிழை என்னுடையது. எங்களுக்குக் கைப்பழக்கமானபடியால் அதை எழுதவே மறந்துவிட்டேன். ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்தது. அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல். பச்சையாகக் காய்ந்ததனால் ஒடியல் மாவில் கசப்பு நிற்கும். மாவை நிறையத் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, மேலே மிதக்கும் தும்பையும் தெளிந்த தண்ணீரையும் வடித்து ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மாவைத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு தரம் அப்படிச் செய்வோம். மிச்ச மாவை ஈரம் படாத ரின்னில் இறுக மூடி வையுங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு உதவும்.

கொக்குவில் ரீச்சர் எழுதியது:

வேலை நாளின் கூழ் என்றாரே தம்பி, அந்த ஒரு மணி நேரத்தையும் இப்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். மகள், வடகம் முடிந்துவிட்டால் சொல்லுங்கள். என்னிடம் ஒரு போத்தல் மேலதிகமாக இருக்கிறது.