தாத்தா வீடு குரூப், மே 1 காலை

கவி, 6:52
[போட்டோ]
பெரியப்பா, மே தின வாழ்த்துகள்! சிகாகோ லிங்கன் பார்க்ல சாயங்காலம் நடக்கப் போனப்ப எடுத்தேன். ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டுன்னு எழுதியிருக்கு. இல்லினாய் கவர்னராம். காலடியில ஒரு தொழிலாளி குடும்பம். யாரு இவரு?

பெரியப்பா, 6:58
வாழ்த்துகள்மா. போட்டோவைப் பார்த்ததும் கண்ணு கலங்கிருச்சு. மே தினக் கதையில தூக்குல போனவங்களைத்தான் எல்லாரும் சொல்லுவோம். இவரைச் சொல்ல விட்டுருவோம்.

கார்த்தி, 7:01
சொல்லுங்கப்பா. கொடியேத்த எட்டு மணிக்குத்தானே போகணும்.

பெரியப்பா, 7:09
1886 மே 4, சிகாகோ ஹேமார்க்கெட். எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த ஸ்ட்ரைக்கை ஒட்டி ஒரு கூட்டம். முடியப்போற நேரத்துல போலீஸ் உள்ள வந்துச்சு, யாரோ குண்டு வீசிட்டாங்க. 7 போலீஸ்காரங்க செத்தாங்க. வீசினது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா 8 பேருக்குத் தண்டனை. 4 பேரை 1887 நவம்பர் 11 அன்னைக்குத் தூக்குல போட்டாங்க. ஒருத்தர் முந்தின நாளே ஜெயில்ல உயிரை மாய்ச்சுக்கிட்டார். மிச்சம் ஃபீல்டன், நீபி, ஷ்வாப் மூணு பேரும் ஜோலியட் ஜெயில்ல.

பெரியப்பா, 7:13
ஆல்ட்கெல்டு ஜெர்மனியில பிறந்து, கைக்குழந்தையா ஒஹாயோவுக்கு வந்தவர். 16 வயசுல உள்நாட்டுப் போர்ல சிப்பாய். அப்புறம் வாத்தியார், வக்கீல், ஜட்ஜ். 1893ல கவர்னர் ஆனார். அந்த ஜூன் 26ல மூணு பேரையும் விடுதலை பண்ணிட்டார்.

கார்த்தி, 7:15
கவர்னருக்கு மன்னிக்கிற அதிகாரம் உண்டே. அதுல என்னப்பா பெருசு?

பெரியப்பா, 7:22
அங்கதான்டா விஷயமே. விடச் சொல்லி பெரிய பெரிய ஆளுங்களே மனு போட்டிருந்தாங்க. "ஏழு வருஷம் அனுபவிச்சாச்சு, இரக்கப்பட்டு விடறேன்"னு நாலு வரி எழுதியிருந்தா ஊரே கும்பிட்டிருக்கும். அவர் அப்படி எழுதல. குத்தம் பண்ணியிருந்தா இரக்கத்துக்கே இடமில்லன்னார். ஜூரியை வேணும்னே பொறுக்கி எடுத்தாங்க, குண்டு வீசினவனுக்கும் இவங்களுக்கும் தொடர்பு இருக்குன்னு நிரூபிக்கவே இல்ல, ஜட்ஜும் நடுநிலையா நடக்கலன்னு பக்கம் பக்கமா எழுதி அச்சடிச்சே வெளியிட்டார்.

கார்த்தி, 7:24
ஜட்ஜா இருந்தவரே இன்னொரு ஜட்ஜைப் பத்தி அப்படி எழுதினாரா? இன்னைக்குக் கோர்ட்ல நிக்கிற எனக்கே படிக்கும்போது கை நடுங்குது.

பெரியப்பா, 7:28
விடுதலைப் பத்திரத்தை ஜோலியட்டுக்கு எடுத்துட்டுப் போனது யாரு தெரியுமா? அவங்க மேல குத்தம் சாட்டின கிராண்ட் ஜூரிக்குத் தலைவரா இருந்த பேங்க்காரர். மனசு மாறி அவரும் மனுவுல கையெழுத்துப் போட்டிருந்தார். பத்திரத்தைக் கையில வாங்கினப்ப அழுதுட்டாராம்.

சுந்தரி அத்தை, 7:31
அண்ணே, அந்தக் கவர்னரை அப்புறம் என்ன செஞ்சாங்க?

பெரியப்பா, 7:36
பேப்பர்காரங்க கிழிச்சுத் தொங்கவிட்டாங்க சுந்தரி. 1896ல தோத்துட்டார். ஆசையா கட்டின 16 மாடிக் கட்டடமும் கையை விட்டுப் போயிருச்சு. ஆனா இருந்த நாலு வருஷத்துல பாரு: 14 வயசுக்குக் கீழ பிள்ளைங்க ஃபேக்டரியில வேலை செய்யக்கூடாதுன்னு சட்டம். அதைப் பார்த்துக்க ஃப்ளோரன்ஸ் கெல்லின்னு ஒரு அம்மாவைத் தலைமை இன்ஸ்பெக்டரா போட்டார்.

சுந்தரி அத்தை, 7:39
நான் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கப் போனப்ப எனக்கு 11 வயசு அண்ணே. விடியக்காலம் வண்டி வந்து ஏத்திட்டுப் போகும். அங்க 1893லயே ஒருத்தர் கேட்டிருக்கார்.

கவி, 7:41
அத்தை ❤️

பெரியப்பா, 7:44
1902 மார்ச்ல ஜோலியட்ல மேடையில பேசி முடிச்சதும் சுருண்டு விழுந்தார். மறுநாள் போயிட்டார். அந்த மூணு பேரை வெளிய விட்ட அதே ஊரு.

பெரியப்பா, 7:45
கவி, வால்ட்ஹைம் கல்லறையில தூக்குல போனவங்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு. ஆல்ட்கெல்டு கிரேஸ்லேண்ட் கல்லறையில இருக்கார். ரெண்டு இடத்துலயும் பூ வைம்மா. நான் கிளம்பறேன், கொடிக்கயிறு என்கிட்டதான் இருக்கு.

கவி, 7:46
ஞாயித்துக்கிழமை போறேன் பெரியப்பா. அத்தை பேர்லயும் ஒரு பூ.