அசனப் பந்தியில் நான் எடுக்காத இலை: தாழ்மையைக் குறித்து ஒரு கேள்வி

விடியற்காலம் (கேள்வி):

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றைச் சேர்ந்தவன் நான், வயது 46. மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் காலை நாலரை மணிக்கு எழுந்து, வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து ஜெபித்து, ஒரு பக்க அளவில் தியானம் எழுதிச் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி வருகிறேன். சென்ற மாதம் எங்கள் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் நடந்த ஒன்றை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று காலை நான் எழுதிய பகுதி பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம்: "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்." மதியம் அசனத்தில், அதாவது சபையார் சேர்ந்து உண்ணும் விருந்தில், மூன்றாம் பந்தி எழுந்தபோது இலை எடுக்க ஆள் போதவில்லை. கூடையைச் சுமந்து வந்த வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர், இருபது வயதிருக்கும், என்னைப் பார்த்து, "அண்ணே, அந்த வரிசையை நீங்க எடுத்துருங்க" என்றார். வெளியூரிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அழைப்பு வந்ததுபோல் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த வரிசையை அவரே எடுத்து முடித்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து வாசிப்பு அட்டவணையில் யோவான் 13, சீஷருடைய கால்களைக் கழுவிய பகுதி, வந்தது. எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி அனுப்பினேன். வழக்கத்தைவிட அதிகமாக "ஆமென்" வந்ததுதான் என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது. தாழ்மையாக இருக்க முயன்றால், "நான் தாழ்மையாக இருக்கிறேன்" என்ற நினைப்பே அடுத்த நிமிடம் உள்ளே எழும்பி நிற்கிறது. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டேன் என்று சொல்லும் ஒருவன் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் எச்சில் இலைக்கு முன்னால் தோற்றுப்போவது எப்படி? நான் தியானம் எழுதுவதை நிறுத்திவிட வேண்டுமா?

உபதேசியார்:

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்த பிறகே எழுதுகிறேன். முப்பது வருடங்கள் கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்தவன் என்பதால், நீங்கள் கைப்பேசியைக் காதில் வைத்த அந்த நொடி எனக்கு அந்நியமானதல்ல.

லூக்கா 18இல் ஆலயத்தில் ஜெபிக்கிற பரிசேயனை, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட அந்த யூதனை, நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன். அவன் தன் பலத்தைப் புகழ்ந்து பேசவில்லை. "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று தேவனுக்கு நன்றி செலுத்துகிறான். வாரத்தில் இரண்டு முறை அவன் உபவாசித்ததும், சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் கொடுத்ததும் பொய் என்று ஆண்டவர் சொல்லவில்லை. நன்றி சொல்லிக்கொண்டே "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று தூரத்தில் நின்ற அந்த வரிவசூலிப்பவனைத் திரும்பிப் பார்த்தானே, அங்கேதான் அவனுடைய ஜெபம் கெட்டது. கிருபையின் வார்த்தைகளைப் பேசிக்கொண்டே ஒருவன் ஒப்பிட்டுப் பார்த்து வாழ முடியும். உங்களை வெளியே நடத்திச் சென்றது இலையின் அசுத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. மைத்துனரின் கண்கள் என்று தோன்றுகிறது.

நீங்கள் தியானித்த பிலிப்பியர் நிருபத்தின் பின்னணியையும் யோசித்துப் பாருங்கள். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம், கி.மு. 42இல் அங்கே நடந்த போருக்குப் பின் ஓய்வுபெற்ற ரோமப் போர்வீரர்கள் குடியேற்றப்பட்ட ஊர். ரோமக் குடியுரிமையையும் பதவியையும் பெரிதாக எண்ணிய அந்த ஊர்ச் சபைக்குத்தான், சிறையிலிருந்த பவுல், கிறிஸ்து அடிமையின் ரூபம் எடுத்தார் என்று எழுதுகிறார். சிலுவை மரணம் அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரியது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அடுத்த அதிகாரத்தில் தமது சொந்தப் பெருமைகளை, எட்டாம் நாளின் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன் என்ற பெயர் என வரிசையாக எடுத்துவைத்துவிட்டு, எல்லாவற்றையும் "குப்பை" என்கிறார். எச்சில் இலையைப் பற்றிக் கேட்ட உங்களுக்கு அந்தச் சொல் தற்செயலாகப் படாது.

இனி யோவான் 13க்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் உண்மையான கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அங்கே மூன்றாம் வசனத்தில் இருக்கிறது. தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போகிறதையும் இயேசு அறிந்திருந்தார் என்று அந்த வசனம் சொல்கிறது. அதற்கு அடுத்த வசனத்தில்தான் அவர் எழுந்து சீலையை இடுப்பில் கட்டுகிறார். யாருடையவர் என்பதில் சந்தேகமில்லாதவருக்குக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய மரியாதை என்று ஒன்று மீதமில்லை. ஆகையால் கை தண்ணீருக்குப் போகிறது. நாமோ முதலில் தாழ்மையுள்ளவர்களாகிவிட்டு, அதற்குக் கூலியாகக் கிருபையைப் பெறலாம் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில்தான் "நான் தாழ்மையாக இருக்கிறேன்" என்ற நினைப்பு முளைக்கிறது, ஏனெனில் கூலிக்கு வேலை செய்கிறவன் தன் வேலையை எண்ணிக்கொண்டேதான் இருப்பான். கிருபையினால் வரும் இரட்சிப்பு தேவனுடைய ஈவு என்று சொல்லும் எபேசியர் 2:8ஐ நீங்கள் அறிவீர்கள். பத்தாம் வசனம் வரை தொடர்ந்து வாசியுங்கள், நற்கிரியைகள் ஈவுக்குப் பின்னால் வருவதைக் காண்பீர்கள்.

எழுதுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாரம் அந்தத் தம்பியை நேரில் பார்த்து, காரணம் எதுவும் சொல்லாமல், அன்று அழைப்பு வரவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். கேட்டதைத் தியானத்தில் எழுதிவிடாதீர்கள். எழுதினால் அதற்கும் "ஆமென்" வரும்.

கடலோரம்:

உபதேசியார் ஐயா சொன்னதோடு ஒன்று மட்டும். "பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று 1 கொரிந்தியர் 4:7இல் பவுல் கேட்கும் கேள்வியை என் மேசைமேல் எழுதி வைத்திருக்கிறேன். நாலரை மணிக்கு விழிப்பு வருவதும், எழுத்து கைகூடுவதும், அதை வாசிக்க ஒரு சபை இருப்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும், சகோதரரே.

முத்துநகர்:

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். நீங்கள் தாழ்மை, கிருபை என்று சொல்வதை நாங்கள் தாழ்ச்சி, அருள் என்று சொல்லி வளர்ந்தோம். சொல் வேறானாலும் தவிப்பு ஒன்றாக இருப்பதால் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் செவிலியராகப் பணி செய்தேன். நோயாளிகளின் மலஜலத்தைச் சுத்தம் செய்வதில் எனக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. அதனால் தாழ்ச்சி எனக்கு இயல்பாகவே வந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து ஏழு வாரங்கள் படுக்கையில் கிடந்தபோது, என் மருமகள் பாத்திரத்தை எடுத்துச் செல்வதைப் பார்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். அவள்மீது எரிந்தும் விழுந்தேன். கொடுக்கிற இடத்தில் நிற்கும்வரை நான் உயரத்தில்தான் நின்றிருக்கிறேன் என்பது அந்தப் படுக்கையில்தான் எனக்குப் புரிந்தது.

யோவான் 13இல் பேதுரு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது பணிவுபோலத் தெரிகிறது. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை" என்று ஆண்டவர் அவருக்குக் கடுமையாகவே பதில் சொல்கிறார். பெரிய வியாழன் வழிபாட்டில் குருவானவர் பாதம் கழுவும்போது, கழுவுகிறவரின் முகத்தைவிட, நாற்காலியில் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைத்தான் இப்போதெல்லாம் பார்க்கிறேன்.

இரவில் தூங்கும் முன் செய்யும் ஆன்மசோதனை எனக்கு உதவுகிறது. புனித இஞ்ஞாசியார் காட்டிய முறையில் அது குற்றப்பட்டியலில் தொடங்குவதில்லை. அந்த நாளில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதில் தொடங்குகிறது. நன்றிக்குப் பின் குற்றத்தைப் பார்த்தால், அதைப் பார்க்கவே ஒரு தைரியம் வருகிறது. மருமகளின் பெயர் பல இரவுகளில் இரண்டு இடத்திலும் வந்திருக்கிறது.

தஞ்சைவாசி:

எல்லாப் பதில்களையும் மரியாதையோடு வாசித்தேன். ஆனால் எச்சில் இலை என்று எழுதிவிட்டு, தமிழ்நாட்டில் அதை எடுக்க வேண்டியவர் யார் என்று காலங்காலமாக முடிவு செய்யப்பட்டிருந்ததைப் பேசாமல் விடுவது சரியாகாது. சகோதரரின் தயக்கத்தில் வயது மட்டுமே இருந்ததா, அந்த வேலையின்மேல் ஏற்றிவைக்கப்பட்ட இழிவும் இருந்ததா என்பதை அவரே தம் உள்ளத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

நம்முடைய சபைகளின் வரலாற்றில் தாழ்மைக்கு வந்த சோதனை பெரும்பாலும் பாயிலும் பந்தியிலும் பாத்திரத்திலும்தான் வந்தது. ஆலயத்துக்குள் தனித்தனியே உட்காருவதும், திருவிருந்துக்கு முன்பின்னாக வருவதும் வழக்கமாயிருந்த காலத்தில், 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடுகளைச் சபையிலிருந்து அகற்ற வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். அதைத் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்த்தவர்களுள் ஞானப்பாட்டுகளை உருகிப் பாடிய விசுவாசிகளும் இருந்தார்கள். கிருபையைப் பாடிய நாவு, இன்னொருவர் பருகிய பாத்திரத்தைத் தொடக் கூசியது. இதை எழுத எனக்கு வேதனையாக இருக்கிறது, ஏனெனில் அவர்கள் என் முன்னோர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாழ்மையைப் பிரசங்கிப்பவர்கள் அதை ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர்களிடம் கேட்டுப் பெறுவது எளிது. "பொறுத்துக்கொள், அதுதான் கிறிஸ்தவம்" என்று சொல்லி எத்தனை நியாயமான முறையீடுகள் அடக்கப்பட்டிருக்கின்றன! பிலிப்பியர் நிருபத்தில் இறங்கி வருகிறவர் தேவனுடைய ரூபமாயிருந்தவர். இறங்குவதற்கு இடம் உள்ளவரிடம்தான் அந்த வசனம் முதலில் பேசுகிறது.

வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1910இல் எடின்பர்க் மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு ஊழியர்கள் முன் நின்று பேசியது இதைத்தான். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். மேலிருந்து இரங்குகிற அன்பு போதாது, ஒரே தளத்தில் நிற்கிற அன்பு வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஆகவே அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீடு திரும்புவதோடு நின்றுவிடாதீர்கள். அவருடைய வீடு எங்கே இருக்கிறது, அவர் என்ன படிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

விடியற்காலம்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. தஞ்சைவாசி ஐயாவின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதை உணர்ந்தபோது வெட்கப்பட்டேன். மூன்று ஆண்டுகளாக என் தியானங்களை வாசிப்பவர்களுள் அவரும் ஒருவர்.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அழைப்பு வரவில்லை, மைத்துனர் பார்க்கிறாரே என்று ஒதுங்கினேன் என்று சொன்னேன். அவர் உடனே "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியும்ணே, உங்க போன் திரை எரியவே இல்ல" என்றார். ஐயா, அதைவிடக் கடினமான பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. பிறகு அவருடைய அம்மா காப்பி கொண்டுவந்தார்கள். ஒரு மணி நேரம் இருந்தேன். பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கிறார்; கணக்குப் பாடம் ஒன்று நிலுவையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். என் தொழிலும் கணக்கு எழுதுவதுதான்.

ஒன்பது நாட்கள் குழுவுக்கு எதுவும் அனுப்பாமல் இருந்தேன். பத்தாம் நாள், எங்கள் சபையின் வயதான பாட்டி ஒருவர் பேரனைவிட்டு அழைத்து, "கண்ணு தெரியாத எனக்கு இவன் வாசிச்சுக் காட்டுவான், ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்கள். ஆகையால் இன்று காலை லூக்கா 18ஐ எழுதி மீண்டும் அனுப்பினேன். ஒவ்வொரு தியானத்தின் முடிவிலும் என் பெயரையும் பட்டத்தையும் போடுவது வழக்கம்; இன்று போடவில்லை. அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு வேலைப் பட்டியல் எழுதுகிறவர் அந்தத் தம்பிதான். இலை எடுக்கும் குழுவில் என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.