கணக்கு 91, முன்முயற்சிக்கு 'எஸ்'

வணக்கம். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம், மகள் ஏழாம் வகுப்பு. பெப்ரவரி ரிப்போர்ட் வந்தது. இவர் கணக்கில் 91ஐப் பார்த்து, "மிச்சம் 9 எங்கே?" என்று கேட்டுவிட்டு மூடி வைத்துவிட்டார். நான்தான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். பொறுப்பு, ஒழுங்கு எல்லாம் 'ஈ', அதாவது மிக நன்று. முன்முயற்சிக்கு மட்டும் 'எஸ்', அதாவது திருப்தி.

டீச்சரிடம் போனேன். "கை உயர்த்துவதில்லை, விளங்காததைக் கேட்பதில்லை, கதைக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை" என்றார். அதை நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்!

வீட்டில் அப்பம்மா இருக்கிறார். பெரியவர்கள் கதைத்தால் பிள்ளை வாய் திறக்கக் கூடாது. போன கிழமை மகள் தகப்பனை நேரே பார்த்து, "அது நியாயமில்லை அப்பா" என்றாள். வாய் காட்டுகிறாள் என்று பெரிய சண்டை. பள்ளிக்கூடம் கேட்பதும் அதே வாயைத்தானே? நான் எந்தப் பக்கம் நிற்பது?

பதில் 1
'எஸ்' ஒன்றும் ஃபெயில் இல்லை, தங்கச்சி. அதற்குக் கீழே 'என்', அதாவது முன்னேற்றம் தேவை, இருக்கிறது. கணக்கை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

பதில் 2
அக்கா, நான் ஹைஸ்கூலில் படிப்பிக்கிறேன். அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மாரைப் பற்றி ரூத் சாவ் என்ற ஆய்வாளர் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். மேற்கத்தைய அளவுகோல் அவர்களை 'அதிகாரம் செய்யும் பெற்றோர்' என்று காட்டியது. அவர்களோ அதை 'குவான்' என்கிறார்கள். கட்டுப்படுத்துவது, பராமரிப்பது இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். எங்கள் 'கண்டிப்பு' அதற்குக் கிட்ட வரும். ஆனால் டீச்சருக்கு அது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்: எங்கள் வீட்டில் தலை குனிவது மரியாதை, பயமில்லை என்று. முதலில் கேள்வியைத் துண்டில் எழுதிக் கொடுக்க விடச் சொல்லுங்கள். என் வகுப்பில் அப்படித் தொடங்கிய பிள்ளைகள் பிறகு கை உயர்த்தினார்கள். எல்லோரும் இல்லை.

கேட்டவர்
நன்றி தம்பி. டீச்சர் சம்மதித்தார். வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். இவர் திரும்பவும் அந்த 9ஐக் கேட்க, மகள், "பின்னத்தில் விட்டேன் அப்பா, எனக்கு விளங்கவில்லை" என்றாள். இவர் பேசாமல் பென்சில் எடுத்தார். அரை மணித்தியாலம் நல்லாத்தான் போனது. அப்புறம் அவள், "பள்ளிக்கூடத்தில் செய்கிற முறை இது இல்லை" என்றாள். இப்போது இரண்டு பேரும் சத்தம். அப்பம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்.