உள்ளூர்க் கடையில் வாங்கினால் சேலத்துக்கு நிஜமாகவே ஏதாவது மிஞ்சுகிறதா?

குகைக்காரன்:
போன வாரம் ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்கினேன். கடைவீதியில் சொன்ன விலையைவிட நானூறு ரூபாய் குறைவு. அப்பாவுக்கு ஒரே கோபம். நம்ம ஊர்ப் பணம் நம்ம ஊருக்குள்ளதான் சுத்தணும், வரியும் வெளியே போயிடும் என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கடைக்காரரும் மிக்ஸியை வெளியூரிலிருந்துதானே இறக்குகிறார்? அவர் லாபத்தைத் தவிர சேலத்துக்கு என்ன மிச்சம்? பாசம் எல்லாம் வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள்.

பேரேடு:
வரி விஷயத்தில் அப்பா சொல்வது சரியில்லை. ஜிஎஸ்டி பொருள் போய்ச் சேரும் இடத்தை வைத்துத்தான் பிரிகிறது, விற்றவர் எந்த மாநிலமாக இருந்தாலும் மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்குத்தான் வரும். மாநகராட்சிக்குக் கிடைப்பது கடையின் சொத்துவரி, தொழில்வரி. அது போக வாடகை, கடைப் பையன்கள் சம்பளம், சரக்கு இறக்கும் கூலி, நாலு மணி டீ எல்லாம் ஊருக்குள் நிற்கும். மிக்ஸியில் அவ்வளவுதான். கடை எங்கே இருக்கிறது என்பதைவிடப் பொருள் நம்ம ஊரில் எத்தனை கை மாறியது என்று பாருங்கள்.

கொலுசுப்பட்டறை:
கை மாறுவது என்றால் எங்கள் தொழிலைப் பாருங்க. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம், பள்ளப்பட்டிப் பக்கம் வந்தால் தெரியும், ஒரு ஜோடி கொலுசு ஒரே இடத்தில் உருவாவதில்லை, ஒருத்தர் வெள்ளியை உருக்கிக் கொடுப்பார், இன்னொருத்தர் கம்பி இழுப்பார், சங்கிலி பின்னுவது ஒரு வீடு, பொடி வைத்துப் பற்றவைப்பது ஒரு வீடு, சலங்கை கோர்ப்பது பெரும்பாலும் பெண்கள், கடைசியில் பாலிஷ் பட்டறை. வெள்ளி வெளியிலிருந்து வருகிறது, கொலுசும் வட இந்தியா வரை போகிறது, நடுவில் இருக்கும் கூலி மட்டும் இங்கேயே தங்குகிறது. ஆனால் பெருமை மட்டும் பேசக் கூடாது. கூலி எடைக் கணக்கு. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டின பிறகு ஜனங்கள் மெலிசான கொலுசு கேட்கிறார்கள், எடை குறைகிறது, நுணுக்க வேலை குறையவில்லை, கூலி குறைகிறது. பட்டறைக்கு லீவு விட்டால் எங்கள் தெருமுனை தட்டுவடை செட் கடையில் அன்றே வியாபாரம் பாதி. பொருளாதாரம் எல்லாம் எனக்கு அந்த வண்டியைப் பார்த்தால் போதும்.

குச்சிக்கிழங்கு:
ஆத்தூர்ப் பக்கம். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றினால் மட்டும் போதாது, வெளியிலிருந்தும் வரணும். ஜவ்வரிசி அப்படித்தான். மகாராஷ்டிராவில் விரதத்துக்கு ஜவ்வரிசிக் கிச்சடி கிண்டினால் இங்கே மரவள்ளிக்கிழங்கு போடுகிறவனுக்குக் காசு. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்தது. மாவு பிழிந்த திப்பிகூட வீணாகாது, மாட்டுத் தீவனமாகப் போகும். சின்ன ஆலைக்காரர்கள் தனித்தனியாக வியாபாரியிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, மூட்டையை அங்கே வைத்தால் வியாபாரிகள் டெண்டர் போட்டு எடுப்பார்கள். என்ன, விவசாயிக்குப் பாயிண்ட், அதாவது கிழங்கில் இருக்கும் மாவுச்சத்து அளவு, பார்த்துத்தான் விலை, மழை பெய்து பாயிண்ட் இறங்கினால் எங்கள் பாடு திண்டாட்டம்.

இருபதாவது_வளைவு:
ஏற்காட்டில் நேர்மாறு. காபியும் மிளகும் காய்ந்ததும் மூட்டையாகக் கீழே இறங்கிவிடும். மேலே வரும் டூரிஸ்ட் ஏற்காடு நினைவாக வாங்கிப் போவதில் பாதி சரக்கு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததுதான். கடைக்காரர் எங்க ஊர்க்காரர், சரக்கு இல்லை. இங்கேயே வறுத்து அரைத்து விற்கும் ஓரிரு கடைகளில் மட்டும்தான் நாலு பேருக்குக் கூடுதல் வேலை.

குகைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. வரி விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சரி, ஜார் கப்ளர் உடைஞ்சா உன் ஆன்லைன்காரன் வந்து மாத்துவானா, இல்ல நீ அதே தெருவுக்குத்தான் தூக்கிட்டுப் போவியா என்று கேட்டார். பழைய மிக்ஸிக்கு அங்கேதான் மூன்று தடவை மாற்றினோம்.